வெயில் இல்லாத மூன்று நாள்கள்: குளிர்ப்பெட்டி வாங்குமுன் ஒரு கணக்கு

மலைநாட்டில் நாம் இடம்பெயர்வது பெரும்பாலும் மழையில்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்ததும் மழைக்காலத்தில். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் பதுளை உட்பட மலைநாடெங்கும் மண்சரிவுகளைக் கொண்டுவந்ததும் மழைக்காலத்தில். உடுத்த துணியோடு ஓடி வந்தவர்கள் முதலில் பாடசாலையில் இருப்பார்கள். பிறகு உறவினர் வீடு, பிறகு தகரக் கொட்டில். 'தற்காலிகம்' என்று சொல்லப்படுவது வருடக்கணக்கில் நீள்வதை நாம் பார்த்திருக்கிறோம். மீரியபெத்தைக் குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் கிடைத்தது 2016ஆம் ஆண்டில்.

இப்படியான இடத்தில் கூரையும் அடுப்பும் ஆனபிறகு வரும் கேள்வி ஒன்று உண்டு. பாட்டியின் இன்சுலினை எங்கே வைப்பது? மாலையில் கறந்த பாலை என்ன செய்வது? கம்பி இழுத்து மின்சாரம் வர எத்தனை மாதம் ஆகும் என்று எவருக்கும் தெரியாது. அப்போதுதான் "சோலாரில் ஓடும் பிரிட்ஜ்" என்ற பேச்சு காதில் விழும். நல்ல பொருள்தான். ஆனால் கணக்குப் பார்க்காமல் வாங்கினால், சேமிப்பெல்லாம் கொடுத்து வாங்கிய பெட்டி கார்த்திகை மழையில் வெறும் அலுமாரியாக நிற்கும். கடன் மட்டும் மாதாமாதம் ஓடும்.

அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் 'கரவன்' எனப்படும் வீட்டு வண்டியைக் காரின் பின்னால் கட்டி, மின்கம்பி இல்லாத வெளிகளில் வாரக்கணக்காகத் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பிப் போகிறவர்கள், நாம் துரத்தப்பட்டு வந்தவர்கள். ஆனாலும் அவர்களுக்காகச் செய்யப்பட்ட குளிர்ப்பெட்டிகள் நமக்கும் பொருந்தக்கூடியவை. அவை சிறியவை, பற்றரியில் ஓடுபவை, இடம் மாறும்போது தூக்கிச் செல்லக்கூடியவை. அவர்கள் கற்ற பாடங்களில் நமக்கு வேண்டியதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

எதைக் குளிரவைக்க வேண்டும்?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டிக்கு நீரிழிவு. மகனும் மருமகளும் சிறு தோட்டம் செய்கிறார்கள். ஒரு பசு நிற்கிறது. இரண்டு பிள்ளைகள். இவர்களுக்குக் குளிர் தேவைப்படுவது எதற்கு?

முதலாவது இன்சுலின். திறக்காத போத்தலை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்க வேண்டும். திறந்து பாவிக்கும் போத்தலை, 25 அல்லது 30 பாகைக்கு மேற்படாத நிழலான இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் வரை வெளியே வைக்கலாம் என்று பெரும்பாலான இன்சுலின் பெட்டிகளில் உள்ள தாளில் எழுதியிருக்கும். வகைக்கு வகை இது மாறும். ஆகவே உங்கள் மருந்தின் தாளைப் படியுங்கள், கிளினிக்கில் கேளுங்கள். கென்யாவின் டடாப் அகதி முகாமின் வெப்பநிலையை வைத்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. 25க்கும் 37க்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்த இன்சுலின் தன் வலிமையை இழக்கவில்லை என்று அது கண்டது. இதனால் மருந்தை வெயிலில் போடலாம் என்று ஆகாது. ஆனால் பண்டாரவளை, அப்புத்தளைக் குளிரில், பாவனையிலுள்ள ஒரு போத்தலுக்காக மட்டும் கடன்பட்டு பிரிட்ஜ் வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இன்சுலின் உறைந்துபோனால் பழுது. உருகிய பின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதைப் பாவிக்கக்கூடாது. பனிக்கட்டியின் மேல் போத்தலை வைத்துக் கெடுப்பது சூட்டில் கெடுப்பதைவிட எளிது.

இரண்டாவது பால். கறந்த பால் உடல் சூட்டில், 35 பாகை அளவில் இருக்கும். பத்து லீற்றர் பாலை 5 பாகைக்குக் கொண்டுவர, வீட்டுப் பாவனைக்கான சிறு பற்றரிப் பெட்டிக்கு ஆறு மணித்தியாலம் அளவில் ஆகும். அதற்குள் பால் கெடத் தொடங்கிவிடும். அன்றைய மின்சாரமும் இரட்டிப்பாகும். ஆகவே விற்பனைப் பாலுக்குச் சிறு பிரிட்ஜ் தீர்வாகாது. சேகரிப்பு நிலையத்துக்கு நேரத்தோடு கொண்டுபோவதே வழி. மாலைப் பாலை மூடிய பாத்திரத்தில் பீலித் தண்ணீர் ஓடும் இடத்தில் கழுத்தளவு இறக்கி வைத்தால் சூடு விரைவில் இறங்கும். பிள்ளைகளுக்கான இரண்டு லீற்றரைப் பெட்டியில் வைக்கலாம், அதுவும் பீலியில் ஆறவிட்ட பிறகு.

மூன்றாவது மரக்கறி. வெலிமடைப் பக்கத்துக் கோவா, கரட், லீக்ஸ் ஆகியவற்றுக்கு நிழலும் காற்றும் ஈரச் சாக்கும் போதும். மீன் இறைச்சியை அன்றன்றைக்கு வாங்கிச் சமைப்பதே மலிவு.

கூட்டிப் பார்த்தால் இக்குடும்பத்துக்கு வேண்டியது 30, 40 லீற்றர்ப் பெட்டி. கடையில் கண்ணைப் பறிக்கும் 200 லீற்றர்ப் பெட்டி அவர்களுக்கு வேண்டாம்.

நான்கு வகைப் பெட்டிகள்

கேஸ் பிரிட்ஜ்: 1922இல் சுவீடனில் பிளாற்றன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது. சிறு சுவாலையின் சூட்டால் குளிரை உண்டாக்கும். சத்தமில்லை, பற்றரி வேண்டாம். ஆனால் பெட்டி மட்டமாக நிற்க வேண்டும். சரிவில் கட்டிய கொட்டிலில் சாய்ந்து நின்றால் குளிராது. சுவாலை எரிவதால் நச்சுவாயு உண்டாகலாம். காற்றோட்டமில்லாத அறையில் ஆட்கள் படுக்கும் இடத்தில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. 2022இல் கேஸ் சிலிண்டருக்கு நாடெங்கும் வரிசையில் நின்றதையும் நினைவில் வையுங்கள். இதே பெட்டியைப் பற்றரியிலும் ஓட்டலாம் என்பார்கள். ஓட்டினால் ஒரே இரவில் பற்றரி இறங்கிவிடும்.

மலிவான 'கார் கூலர்': உள்ளே கொம்பிரசர் இல்லை, சிறு விசிறி மட்டும் சுற்றும். விலை குறைவு, எடை குறைவு. ஆனால் வெளி வெப்பத்திலிருந்து 15, 20 பாகைதான் குறைக்கும். 50 வாட்ஸ் வீதம் நாள் முழுதும் இழுத்தால் ஒரு நாளைக்கு 1200 வாட்ஸ்-மணி. இது சூரிய சக்திக்கு ஏற்றதல்ல.

சாதாரண வீட்டு பிரிட்ஜும் இன்வேட்டரும்: ஏற்கெனவே பிரிட்ஜ் உள்ளவர்களுக்கு இந்த யோசனை வரும். பழைய பெட்டி ஒரு நாளைக்கு ஓர் அலகு, அதாவது 1000 வாட்ஸ்-மணியைச் சாப்பிடக்கூடும். கொம்பிரசர் தொடங்கும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதைத் தாங்கப் பெரிய இன்வேட்டர் வேண்டும். அந்த இன்வேட்டர் சும்மா இருந்தாலும் தன் பங்குக்கு இரவும் பகலும் மின்சாரம் எடுக்கும்.

12 வோல்ற் கொம்பிரசர் பெட்டி: கரவன்காரர்கள் இன்று அதிகம் நாடுவது இதைத்தான். இன்வேட்டர் இல்லாமல் பற்றரியிலிருந்து நேராக ஓடும். மேலே திறக்கும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. குளிர்ந்த காற்று கனமானது. முன்கதவைத் திறந்தால் அது கீழே கொட்டிப் போகும், மேல்மூடியைத் திறந்தால் உள்ளேயே தங்கும். 40 லீற்றர்ப் பெட்டி ஓடும்போது 45 வாட்ஸ் அளவில் எடுக்கும். நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடும். ஆகவே நாளுக்கு ஏறக்குறைய 360 வாட்ஸ்-மணி. பண்டாரவளைக் குளிரில் இதிலும் குறையும், வெள்ளவாயச் சூட்டில் கூடும். விலை கூடியது என்பதே இதன் குறை.

ஓகஸ்ட் கணக்கும் நவம்பர் கணக்கும்

ஊவாவின் வெயில் மற்ற மலைப்பகுதிகளின் வெயிலைப் போன்றதல்ல. ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் நமக்குக் கச்சான் காற்று உலர்ந்து வீசும். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் ஏறுவது அந்த மாதங்களில்தான். நமது மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. சூரியத்தகடு விற்பவர் ஓகஸ்டில் வந்து காட்டினால் எல்லாம் அருமையாக ஓடும். அவர் பொய் சொல்லவில்லை, அவர் காட்டுவது ஓகஸ்ட் கணக்கு.

நாமே போட்டுப் பார்ப்போம். பெட்டிக்கு நாளுக்கு 360 வாட்ஸ்-மணி வேண்டும். தகட்டிலிருந்து பற்றரிக்கும், பற்றரியிலிருந்து பெட்டிக்கும் போகும் வழியில் நூற்றுக்கு முப்பது வீதம் வீணாகும் என்று வைத்தால், தகடு கொடுக்க வேண்டியது 514. ஓகஸ்டில் ஐந்து மணித்தியாலம் முழு வெயில் கிடைத்தால் 514ஐ 5ஆல் வகுக்க வேண்டும். 100 வாட்ஸ் தகடு போதும் போல் தெரியும். நவம்பரில் முகில் மூடி இரண்டரை மணித்தியால வெயிலுக்குச் சமமான வெளிச்சமே கிடைத்தால்? 514ஐ இரண்டரையால் வகுத்தால் 200 வாட்ஸுக்கு மேல் வேண்டும். அதாவது இரண்டு மடங்கு.

அடுத்தது பற்றரி. அடைமழையில் மூன்று நாள் வெளிச்சமே வராது என்று வைப்போம். 360ஐ மூன்றால் பெருக்கினால் 1080 வாட்ஸ்-மணி. 12 வோல்றில் அது 90 அம்பியர்-மணி. ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆகவே 180 அம்பியர்-மணிப் பற்றரி வேண்டும். லிதியம் இரும்புப் பொஸ்பேற் வகையை எண்பது வீதம் வரை இறக்கலாம், 115 அளவில் போதும். லொறி, கார் பற்றரி இதற்கு உதவாது. அவை ஒரு நொடியில் என்ஜினைக் கிளப்பச் செய்யப்பட்டவை. தினமும் இறக்கி ஏற்றினால் சில மாதங்களிலேயே கெட்டுப்போகும்.

பெட்டியின் விலையைவிடத் தகடும் பற்றரியும் சேர்ந்த விலை கூடிவிடலாம் என்பது இப்போது புரியும். பெட்டிக்குப் பணம் சேர்ந்தவுடன் கடைக்கு ஓடாமல், மூன்றுக்கும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பனிக்கட்டியும் ஒரு பற்றரிதான்

மின்சாரத்தைச் சேமிப்பதைவிடக் குளிரைச் சேமிப்பது மலிவு. ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 93 வாட்ஸ்-மணிச் சூட்டை உறிஞ்சும். நல்ல வெயிலடிக்கும் நண்பகலில் பற்றரி நிறைந்துவிட்டால், அதன்பின் தகட்டின் மின்சாரம் வீணே போகும். அந்த நேரத்தில் ஐந்து பிளாஸ்டிக் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி உறையவையுங்கள். வாய்வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். இரவில் பெட்டியை நிறுத்தினாலும் அந்த ஐந்து கிலோ, மூடியை அடிக்கடி திறக்காவிட்டால், ஏறக்குறைய ஒரு நாள் குளிரைக் காக்கும். தடுப்பூசிகளுக்காக இன்று செய்யப்படும் பற்றரி இல்லாச் சூரியக் குளிர்ப்பெட்டிகள் பலவும் இந்த முறையில்தான் இயங்குகின்றன. பகலில் பனிக்கட்டி ஆக்கி, இரவில் அதில் வாழும்.

மருந்தை மட்டும் போத்தல்களைத் தொடாமல், துணி சுற்றிய தனி டப்பாவில் வையுங்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். இது இல்லாமல் மருந்து வைக்க வேண்டாம்.

பணமே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரச் சாக்கு. நைஜீரியாவில் மொஹமட் பா அப்பா என்ற ஆசிரியர் இந்தப் பழைய முறையைக் கிராமமெங்கும் பரப்பி, 2000ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருது பெற்றார். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோகும். காற்று உலர்ந்திருந்தால்தான் இது நன்றாக வேலை செய்யும். நமது கச்சான் மாதங்கள் இதற்கு ஏற்றவை. மழை மாதங்களில் பயன் குறைவு, ஆனால் அப்போது ஊரே குளிர்ந்திருக்கும். பாவனையிலுள்ள இன்சுலினுக்கும் மரக்கறிக்கும் இது உதவும். 8 பாகை வரை இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மழையில் ஓடும் மின்சாரம்

சூரியன் மறையும் மாதங்களில் ஓடைகள் பெருகும். மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் வெள்ளைக்காரர் காலத்திலேயே நீர்ச் சுழலிகள் ஓடின. பின்பு பல கைவிடப்பட்டன. அவற்றைத் திருத்தவும் கிராமங்களில் சிறு நீர்மின் திட்டங்களை ஏற்படுத்தவும், இன்று 'பிரக்டிக்கல் அக்சன்' எனப்படும் இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்பு 1980களிலும் 1990களிலும் உழைத்தது.

கணக்கு எளிது. விநாடிக்கு 2 லீற்றர் தண்ணீர் 20 மீற்றர் உயரத்திலிருந்து குழாயில் இறங்கினால், பாதி வீணானாலும் 200 வாட்ஸ் அளவில் கிடைக்கும். இரவு பகலாக ஓடுவதால் நாளுக்கு 4800 வாட்ஸ்-மணி. நமது சிறு பெட்டிகள் பத்துக்குப் போதும். ஆனால் தண்ணீருக்கும் நிலத்துக்கும் தோட்ட நிர்வாகத்தினதும் பிரதேச செயலகத்தினதும் அனுமதி வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று குறித்த சரிவில் கால்வாய் வெட்டவே கூடாது. கசியும் தண்ணீர் மலையை இன்னும் தளர்த்தும்.

வாங்கும்போதும் பொருத்தும்போதும்

ஒன்று: நாளொன்றுக்கு எத்தனை வாட்ஸ்-மணி, எந்த வெளி வெப்பத்தில் என்று கேளுங்கள். "குறைவாகத்தான் எடுக்கும்" என்பது பதிலாகாது.

இரண்டு: கம்பியின் கனத்தைப் பாருங்கள். 12 வோல்றில் மெல்லிய கம்பி பெரும் எதிரி. பற்றரியிலிருந்து 10 மீற்றர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பி போட்டால், 5 அம்பியர் ஓடும்போது ஒரு வோல்றுக்கு மேல் வழியிலேயே போய்விடும். பெட்டி "பற்றரி இல்லை" என்று நின்றுவிடும். 6 சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் இழப்பு கால் வோல்றைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பற்றரியைப் பெட்டிக்கு அருகில் வைப்பது இன்னும் நல்லது.

மூன்று: பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும். தகட்டுக்கும் பற்றரிக்கும் இடையே சார்ச் கொன்ரோலர் இருக்க வேண்டும். ஈய அமிலப் பற்றரியைக் காற்றோட்டமுள்ள இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நான்கு: தகட்டைத் தெற்குப் பார்த்து மெல்லச் சாய்த்துக் கட்டுங்கள். மழையே அதைக் கழுவிவிடும். ஒரு மூலையில் மரநிழல் விழுந்தாலும் மின்சாரம் மிகவும் குறையும்.

ஐந்து: பெட்டியைத் தகரச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கொம்பிரசருக்கு மூச்சுவிட நாலு விரல் இடமாவது வேண்டும்.

ஆறு: எல்லாவற்றையும் கழற்றக்கூடியதாகப் பொருத்துங்கள். இந்தக் கொட்டில் நமது கடைசி இடமல்ல. எச்சரிக்கை வந்தால் உயிர்தான் முதலில், பெட்டியைக் காக்க நிற்க வேண்டாம்.

ஐந்து வீட்டுக்கு ஒரு பெட்டி

இனி அந்தக் குடும்பத்திடம் திரும்புவோம். பாட்டியின் பாவனை இன்சுலினுக்கு மண்பானை போதும். மேலதிகப் போத்தலைக் கிளினிக்கிலோ மின்சாரமுள்ள உறவினர் வீட்டிலோ வைக்க முடியுமா என்று கேட்கலாம். பால் நிலையத்துக்குப் போகும். இதுவரை கடன் ஒன்றும் இல்லை.

அதே வரிசையில் இன்னும் நான்கு வீடுகளில் மருந்தோ கைக்குழந்தையோ இருந்தால், ஐந்து வீடும் சேர்ந்து ஒரு 40 லீற்றர்ப் பெட்டி, 200 வாட்ஸ் தகடு, தகுந்த பற்றரி வாங்குவது அறிவான செயல். நுண்கடன் ஐந்து எடுப்பதைவிட ஒரு சிறு சீட்டுச் சேர்ப்பது நல்லது. ஆனால் வாங்குமுன் சில விடயங்களைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். பெட்டி யார் வீட்டில்? திறப்பு யாரிடம்? நாளுக்கு எத்தனை தடவை திறப்பது? நாலு வருடத்தில் பற்றரி மாற்ற மாதம் எவ்வளவு ஒதுக்குவது? ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைத்துப் போய்விட்டால் அதன் பங்கு என்ன? முதலிடம் மருந்துக்கு, இரண்டாமிடம் குழந்தைப் பாலுக்கு, மிச்சம் இருந்தால்தான் மற்றவற்றுக்கு என்பதையும் எழுதுங்கள். மழை நாளில் பற்றரி இறங்கும்போது எவர் பொருளை வெளியே எடுப்பது என்ற சண்டை அப்போது வராது.

கம்பி மின்சாரம் வந்தபிறகும் இந்தப் பெட்டி வீணாகாது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது.

அடுத்த முறை கூடும்போது ஒரு தாளில் இரண்டு நிரல் போடுங்கள். ஒன்றில் நம் வரிசையில் குளிர் இல்லாவிட்டால் கெடும் பொருள்கள், யாருடையவை என்று. மற்றதில் கடந்த நவம்பரில் வெயிலே காணாமல் தொடர்ந்து எத்தனை நாள் போயிற்று என்று. இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும் உங்கள் கணக்கோடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாம்.